நாலில் நின்ற முள்

...குவார்ட்டர்ஸ் ஃபாரத்தில் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறாள், மூன்றே பேர், அதற்குக் கீழே நாலு கோடு காலியாகக் கிடக்கிறது, இன்னொரு பெயர் எழுதினால் பேனாவில் மை தீர்ந்துவிடுமா என்ன, என்று நினைத்தபடியே கார்குழலி பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தினாள், கீழ்த்தட்டு ஏறி வந்து மோல்டைக் கவ்வியது, ஓரத்தில் கறுப்பு ரப்பர் கொஞ்சம் பிதுங்கியது, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். இனி நாற்பது நிமிடம் வேக வேண்டும். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும், ரப்பர் கட்டை வெளியே வரும், இரண்டு மணிக்குப் புனேயிலிருந்து வந்திருக்கும் வண்டிக் கம்பெனிக்காரர்கள் அதை அமுக்கிப் பார்ப்பார்கள். பார்த்துத் தலையாட்டினால் தம்பி பெண்டாட்டி எழில்மொழிக்கு வேலை நிரந்தரம், லேபில் மேஜை நாற்காலி, எண்ணூர் போகிற வழியில் கம்பெனி குவார்ட்டர்ஸ். தலையாட்டாவிட்டால் இந்த மாதத்தோடு அவளுடைய காண்டிராக்ட் முடிகிறது, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் வழக்கம்போல எல்லோரும் ஒரே அறையில். பக்கத்தில் நின்ற எழில்மொழி காந்தத்தின் சுவிட்சைப் போட்டாள், சிவப்பு லைட் எரிந்தது, அதன் கீழிருந்த குமிழைத் திருகி மீட்டர் முள்ளை நாலு ஆம்பியருக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு, இவ்வளவு பெரிய நாளிலும் மறக்காமல், பையிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸையும் எடுத்து, காந்தத்தின் கம்பிச்சுருளான காயில் இருக்கும் தகரப் பெட்டியின் தலையில் வைத்தாள். இரண்டு மாதமாக அப்படித்தான். காயில் நாற்பது நிமிடம் ஓடினால் அந்தப் பெட்டியில் கை வைக்க முடியாது, மேலே வைத்த காலைச் சோறு இப்போது வடித்ததுபோல ஆவி பறக்கும். மேனேஜர் அருள்பிரகாசம் முதல் நாள் பார்த்துவிட்டு, இம்மாம் பெரிய காந்தத்தை அடுப்பாக்கிட்டீங்களேம்மா என்று தலையில் அடித்துக்கொண்டார், மறுநாள் தன் பாக்ஸையும் கொடுத்தனுப்பினார்.

"அண்ணி, நாலுல நிக்க வெச்சிக்கிறேன். நீ ஒண்ணியும் தொடாத, லைட்டு எரியுதானு மட்டும் பாத்துக்கினு இரு. நான் மேல போயி டெஸ்ட் பெஞ்ச ரெடி பண்ணிட்டு சாப்பாட்டுக்கு வந்துடுறேன், இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனாள், போகும்போது புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், எண்ணெய்த் தரையில் பட்டுவிடக் கூடாதாம். அக்கறைதான். அது கார்குழலியின் நீலப் புடவை, நல்லது கெட்டதுக்கென்று அவளிடம் இருக்கும் ஒன்றே ஒன்று, காலையில் தோளில் பின் குத்தி மடிப்பு எடுத்துவிட்டதும் கார்குழலியேதான். செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறி ஓயும்வரை கார்குழலி அசையவில்லை. பிறகு கையை நீட்டிக் குமிழைத் திருகினாள், நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, சைபர்.

அவ்வளவுதான். சத்தமில்லை, புகையில்லை, யாரும் எங்கிருந்தும் ஐயோ என்று கத்தவில்லை. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, அது சுவிட்சுக்குத்தான் கட்டுப்பட்டது, குமிழுக்கு இல்லை. எவனாவது இந்தப் பக்கம் வந்தாலும் லைட்டைப் பார்ப்பான், முள்ளை யார் பார்க்கப் போகிறார்கள்... செய்துவிட்டேனா, நானா? தன் கையையே பார்த்தாள். இரும்புத்தூள் ஏறி விரல் ரேகையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது, பதினாறு வருடமாக இங்கே ரப்பர் பிசைந்த கை, அந்தக் கையால் ஒரு கட்டை கெட்டதாகப் பேச்சு இல்லை. சும்மா ஒரு நிமிடம், சும்மா பார்ப்பதற்கு, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், இன்னும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, ரப்பர் முதலில் இளகும், பிறகுதான் பிடிக்கும், இளகிக் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் எப்போது முள்ளை ஏற்றினாலும் போதும். இதையும் சொல்லிக் கொடுத்தவள் எழில்மொழிதான். பாலிடெக்னிக்கில் ரப்பர் படித்தவள் அல்லவா, வீட்டில் ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுகூடப் பாடம்தான். ரப்பருக்குள்ள மாவு மாதிரி இரும்புத்தூள் கீது இல்ல அண்ணி, இளகிக் கெடக்கும்போது காந்தத்த வெச்சா ஸ்கூல் பசங்க ப்ரேயர்ல நிக்கிற மாதிரி அல்லாம் வரிசையா நின்னுக்கும், அப்டியே வெந்துட்டா வரிசை கலையாது, அப்பால நீ எப்ப கரண்ட் வுட்டாலும் வரிசையில கீறவன் ஒருத்தன ஒருத்தன் புடிச்சி இழுப்பான், கட்ட வெறச்சிக்கும், நிறுத்துனா திரும்ப இளகிடும், எவ்ளோ வுடறியோ அவ்ளோ வெறப்பு... சரி, வரிசையில் நிற்காமலேயே வெந்துவிட்டால்? வுழுந்த எடத்துலயே கெடக்கும் அண்ணி, அப்பால எம்மாம் கரண்ட் வுட்டாலும் பேருக்கு வெறைக்கும், அவ்ளோதான், தூக்கிப் போட வேண்டியதுதான். பார்த்தால் தெரியாது, எடை போட்டால் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. காந்தத்துக்கு நடுவில் வைத்தால்தான் தெரியும், இரண்டு மணிக்கு, எல்லோர் முன்னாலும்.

வண்டி நிற்கும்போது இன்ஜின் உதறலை வாங்கிக்கொள்ள இளகின ரப்பர் வேண்டுமாம், ஓடும்போது இன்ஜினைப் பிடித்து நிறுத்த விறைத்த ரப்பர் வேண்டுமாம், ஒரே கட்டை இரண்டுக்கும் வளைந்து கொடுக்க வேண்டுமாம், இதற்குப் பெரிய பெரிய படிப்பு. நானெல்லாம் பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், என்னை எவன் புனேயிலிருந்து பார்க்க வந்தான்? அம்மா போய்ச் சேர்ந்து மூலக்கொத்தளத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தபோது தம்பி சித்தார்த் பத்தாம் வகுப்பு, அப்பா அதற்கும் முன்னால், அப்போது விறைத்துக்கொண்டேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து, கட்டினவன் பதினோராம் மாதம் இன்னொருத்தியோடு காசிமேட்டுப் பக்கம் போய்க் குடித்தனம் வைத்தபோதும் விறைத்துக்கொண்டேன். தம்பிக்கு ஹார்பரில் கண்டெய்னர் யார்டு வேலை வாங்கிக் கொடுக்க எவன் எவன் முன்னாலோ இளகினேன். புளியந்தோப்பிலிருந்து இவளைப் பெண் எடுத்து, இவளுக்கும் இங்கேயே வேலைக்குச் சொல்லி, சார் எங்க வூட்டுப் பொண்ணு சார், நல்லா படிச்சிக்கிது சார் என்று அருள்பிரகாசத்திடம் கெஞ்சி... கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவள் நான், அவள் எழுதுகிறாள், குடும்ப உறுப்பினர்கள், ஒன்று சித்தார்த், இரண்டு எழில்மொழி, மூன்று யசோதரா. காலையில் டிபன் பாக்ஸை அவள் பையில் வைக்கும்போது அந்த ஃபாரம் மேலேயே இருந்தது. உருண்டை உருண்டையான அழகுக் கையெழுத்து. யசோ பெயருக்கு நேரே வயது நாலு. அந்த நாலு வயதில் மூன்றரை வயதைத் தோளில் சுமந்தவளுக்கு ஒரு கோடு கிடையாதா? சட்டம் அப்படித்தான் என்பாள். கணவன், மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான் குடும்பம் என்று கம்பெனி போட்டிருக்கிறதாம். போட்டிருக்கட்டும், நீ ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா?

சொல்லவில்லை. சொல்லாமல் பிள்ளையைப் பழக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வாரமாக ராத்திரியானால் யசோவுக்குத் தனிப் பாய், தனித் தலையணை, அதில் முயல் படம். நீ பெரிய பொண்ணாயிட்ட இல்ல, அத்தைய தொந்தரவு பண்ணக் கூடாது. தொந்தரவாம். விளக்கை அணைத்ததும் அது உருண்டு உருண்டு வந்து கார்குழலியின் வயிற்றில் முட்டும், அத்த, பாட்டு, என்று காதில் சொல்லும், அந்தப் பக்கம் எழில்மொழி தூங்காமல் படுத்திருப்பது கார்குழலிக்குத் தெரியும், தெரிந்துதான் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே பாடுவாள். ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்கு ஜெயம்தான். குழந்தை முதன்முதலில் பேசியபோதும் அப்படித்தான், அம்மா வரவில்லை, அத்த என்றுதான் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், எழில்மொழியும் சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தத்துக்கு நடுவே அவள் விசும்பினாள், கார்குழலி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கடைசிவரை கேட்டாள், கேட்டுவிட்டுப் போய் அவளுக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள். அன்றைக்கு உடம்பே லேசாக இருந்தது, இப்போது நினைத்தாலும் லேசாகத்தான் இருக்கிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

மணி பன்னிரண்டாக இரண்டு நிமிடம். அதற்குள் எட்டு நிமிடம் ஓடிவிட்டதா? குனிந்து, மோல்டு ஓரத்தில் பிதுங்கியிருந்த பிசிறில் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் பதிந்தது. மெழுகில் பதிகிற மாதிரி நல்ல பிறை. மீட்டரும் வேண்டாம் கடிகாரமும் வேண்டாம், இந்தத் தொழிற்சாலையில் ரப்பர் வெந்ததா வேகவில்லையா என்று நகத்தால் சொல்ல அவள் ஒருத்திதான், எழில்மொழியே அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். பதிகிறதென்றால் இன்னும் இளக்கம் இருக்கிறது, இரும்புத்தூள் நகரும், ஏற்றிவிடு கார்குழலி, ஏற்றிவிடு, என்று ஒரு மனம். கை குமிழுக்குப் போனது. முள் ஒன்றுக்கு ஏறியது. உள்ளே அந்தச் சாம்பல் மாவு தூக்கத்தில் புரள்கிற மாதிரி கொஞ்சம் அசைந்திருக்கும்... அப்போது பார்த்தா கேண்டீன் ஞாபகம் வர வேண்டும்? போன மாதம், எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எழில்மொழி சொன்னாள், எங்க வூட்டு காந்தம் எங்க அண்ணிதான், அவங்க உள்ள வந்தா போதும், நானு, அவங்க தம்பி, பூனைக்குட்டி அல்லாம் வெறச்சி நிப்போம், அவங்க வெளிய போனாத்தான் இளகுவோம். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கார்குழலியும் சிரித்தாள், ஓரமாக உட்கார்ந்திருந்த அருள்பிரகாசத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. நான் வெளியே போனால்தான் இளகுவீர்களா? போகிறேனே. இல்லை, நீங்கள்தான் போகிறீர்கள், நான் இல்லாத வீட்டுக்கு, இளகிக் கிடப்பதற்கு. முள்ளைத் திரும்ப சைபருக்குக் கொண்டுவந்தாள், இந்தத் தடவை கை தயங்கவில்லை.

என்ன பெரிய பாவம் இது? ஒரு கட்டை விறைக்காது. யாரும் சாகப் போவதில்லை. புனேக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணுங்க என்று இங்கிலீஷில் சொல்வார்கள், அருள்பிரகாசம் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைப்பார், அவள் அந்த நீலப் புடவையில் நடுவில் நிற்பாள், குமிழைத் திருகுவாள், இன்னும் திருகுவாள், கட்டை அப்படியே கிடக்கும். அவள் முகம் எப்படி இருக்கும்? மூக்கு முதலில் சிவக்கும், அவளுக்கு எப்போதும் மூக்குதான் முதலில். அதைப் பார்க்க மேலே போகலாமா, வேண்டாமா... வேண்டாம், சாயங்காலம் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே சொல்லட்டும். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகை விடும், அந்த இரைச்சலில் அழுதால் யாருக்கும் கேட்காது. அழட்டும். தோளில் சாய்த்துக்கொள்வேன். வுடுடி, இவனுங்க இல்லன்னா இன்னொருத்தன், உன் படிப்புக்கு இன்னாடி கொறச்சல், என்பேன். வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், தலைக்கு எண்ணெய் வைத்து விடுவேன், யசோ அம்மாவுக்கு இன்னா அத்த என்று கேட்கும், அம்மாக்கு தலைவலிடா கண்ணு, நீ அத்தைகிட்ட வந்துடு என்பேன். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தபோது கார்குழலிக்கு எழில்மொழியின் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது, பாவம், நல்ல பெண், யாரோ அவளுக்கு இப்படிச் செய்துவிட்டார்கள் என்பதுபோல.

அப்பாவின் கைக்கடிகாரம்... அது ஏன் இப்போது? அப்பா நீலமேகம் பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை பார்த்தவர், கை கழுவும்போதுகூடக் கடிகாரத்தைக் கழற்றி யாரிடமும் கொடுக்காத ஆள். பதிமூன்று வயதில் கார்குழலி அதை ஆசையாக எடுத்துக் கட்டிப் பார்த்து வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டாள். முள் நின்றுவிட்டது. துடைத்தாள், ஆட்டினாள், காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் டிராயர் பையில் வைத்துவிட்டாள், அவனுக்கு ஆறு வயது. பெல்ட்டால்தான் விழுந்தது. அவன் நான் எடுக்கல நைனா, நான் எடுக்கல நைனா என்று சுவரில் ஒட்டிக்கொண்டே போனான், மூலை வந்ததும் அதற்கு மேல் போக இடமில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு கார்குழலிதான் தேங்காய் எண்ணெய் எடுத்து அவன் முதுகில் தடவினாள், ஒவ்வொரு தடிப்பாக, விரல் நுனியால், ஊதி ஊதி. அவன் அக்கா அக்கா என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். அவன் அதுமாதிரி கட்டிக்கொண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இன்றைக்கும் அவன் முதுகில் இடது பக்கம் ஒரு கோடு இருக்கிறது, பனியன் போடாமல் உட்கார்ந்திருந்தால் தெரியும், அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்க அக்கா அன்னிக்கி இல்லன்னா செத்துருப்பேன் என்று பெண்டாட்டியிடம் சொல்வான். அதை அவன் சொல்லும்போது கார்குழலி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நகத்தை வைத்தாள். பதியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்து எழும்பி நின்று அழுத்தினாள், அமுங்கியது, எடுத்ததும் துள்ளி எழுந்து பழையபடி ஆனது, பிறை இல்லை. மணி பன்னிரண்டு பன்னிரண்டு. பிடித்துவிட்டது. இனி முள்ளை நாலுக்கு ஏற்றினாலும் நாற்பதுக்கு ஏற்றினாலும் உள்ளே ஒரு துகள் நகராது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். முடிந்தது என்றால் முடிந்ததுதானே, இனி நினைத்து என்ன, என்று எண்ணியபோதுதான் ஞாபகம் வந்தது, மோல்டில் போட்டது போக ரப்பர்க் கலவை மிச்சம் இருந்தது. எழில்மொழி எப்போதும் இரண்டு கட்டைக்கு அளந்துதான் அரைப்பாள், முதலாவதில் காற்றுக் குமிழி விழுந்துவிட்டால் இரண்டாவதுக்கு வேண்டும் என்று. அந்த உருண்டை மேஜைமேல் பாலிதீனில் சுற்றிக் கிடந்தது. அது இருக்கும்வரை எதுவும் முடிந்ததாகாது. எடுத்துக் கழிவு டிரம்மில் போட்டுவிடலாமென்று எழுந்தாள், டிரம் பக்கம் இரண்டு பேர் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள், திரும்பி வந்தாள், காக்கி மேல்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். சின்ன உருண்டைதான், ஆனால் இரும்பு அல்லவா, மேல்சட்டையின் ஒரு பக்கம் தொங்கியது, நடந்தால் தொடையில் இடித்தது. தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருக்கிறேன், அப்புறம் போட்டுக்கொள்ளலாம், சாப்பாட்டுக்குப் பிறகு...

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஞாபகமாக எழுந்து குமிழைத் திருகி முள்ளை நாலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்படியே, எழில்மொழி விட்டுப்போன அதே இடம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. இனி யார் வந்து பார்த்தாலும் என்ன, லைட் எரிகிறது, முள் நாலில் நிற்கிறது, கட்டை வெந்திருக்கிறது. கலவையில் குறை இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த தூளில் குறை இருக்கும், படித்தவர்கள் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடிப்பார்கள், அதற்குத்தானே படித்தார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்ட திருப்தியில் கார்குழலி கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டாள், பசித்தது, காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை.

சங்கு ஊதியது. எழில்மொழி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள், அவங்க வந்துட்டாங்க அண்ணி, ஆபீஸ் ரூம்ல எளநி குடிச்சிக்கினு கீறாங்க, ஒருத்தர் இம்மாம் ஒசரம், என்று மூச்சு வாங்கச் சொன்னாள், வந்த வேகத்தில் முள்ளைப் பார்த்தாள், நாலு, திருப்தியாகத் தலையாட்டி சுவிட்சை அணைத்தாள். இரண்டு பேருமாக மோல்டை இழுத்துப் பிரித்தார்கள். கட்டை பளபளவென்று வந்தது, ஒரு சோப்புக்கட்டி அளவு, ஒரு கீறல் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. எழில்மொழி கையுறையோடு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "உன் கை கைதான் அண்ணி," என்றாள். கார்குழலி பிசிறைக் கத்தியால் சீவிக் கொடுத்தாள், நன்றாகவே சீவினாள், நாலு ஓரமும் சமமாக. எழில்மொழி கட்டையை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துவிட்டு, கை கழுவி, சாக்கை விரித்து, புடவை அழுக்காகாமல் அதன் மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸுக்குக் கை நீட்டினாள்.

கை பாக்ஸின் மேலேயே நின்றது. சூட்டுக்குப் பயந்து அவள் முந்தானை நுனியைச் சுற்றிப் பிடிக்கப் போயிருந்தாள், நுனி நழுவி உள்ளங்கை தகரத்தில் பட்டது, எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தாள். சோறு. ஐயோ, சோறு. லைட்டை யோசித்தேனே, முள்ளை யோசித்தேனே, கலவையைக்கூட யோசித்தேனே, என் தலைக்கு நேரே இரண்டு மாதமாகச் சுட்டுக்கொண்டிருந்த இந்த இரண்டு பாக்ஸை எப்படி... "சில்லுனு கீது," என்றாள் எழில்மொழி, யாரிடமும் இல்லை. பிறகு பாக்ஸைக் கீழே இறக்கிவிட்டுக் காயில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள், யசோவுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. லைட்டைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள், அது நாலுக்குத் திருகின இடத்தில்தான் நின்றது. ஃபேன் காத்துடி, ஜன்னல தொறந்துட்டேன், என்று கார்குழலி சொன்னாள், சொன்ன பிறகுதான் ஜன்னல் சாத்தியிருப்பதைப் பார்த்தாள். எழில்மொழி ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை கார்குழலியின் முகத்துக்கு வந்தது, அங்கே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு மெதுவாக இறங்கி, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டில் நின்றது.

"கலவ மிச்சம் கீதா அண்ணி?"

"இல்ல. அல்லாம் போட்டாச்சி."

எழில்மொழி தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று கார்குழலி காத்திருந்தாள், கத்தினால் நல்லது, கத்தினால் திருப்பிக் கத்தலாம், மூணு பேரு எழுதுனியே, நாலாவது கோட்டுக்கு நான் இன்னாடி கொறச்சல் என்று கேட்டுவிடலாம், நாலு பேர் கூடுவார்கள், மேனேஜர் வருவார், எல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும். மூக்கு சிவக்கிறதா என்று பார்த்தாள், சிவக்கவில்லை. எழில்மொழி பாக்ஸைத் திறந்தாள். கானாங்கெளுத்தி வறுவலில் பாதியைப் பிய்த்து, முள் எடுத்து, மூடியில் வைத்து, தினமும் நகர்த்துகிற மாதிரி இந்தப் பக்கம் நகர்த்தினாள். ஆறிப்போன எண்ணெய் மீனின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், சோறு கட்டி கட்டியாக வந்தது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாயை விழுங்கிவிட்டு, மீனைப் பார்த்துக்கொண்டே எழில்மொழி சொன்னாள்:

"யசோ இன்னிலேர்ந்து எங்கிட்டயே படுத்துக்கட்டும். நீங்க நிம்மதியா தூங்குங்க."

ஐந்து வருடத்தில் அவள் நீங்க என்று சொன்னது இல்லை. கார்குழலி வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தாள், அது கீழே இறங்குவதாக இல்லை. குவார்ட்டர்ஸ் போகட்டும், எண்ணூர் போகட்டும், எங்கும் போகாமல் அதே மூன்றாம் மாடியில், அதே அறையில், விளக்கை அணைத்த பிறகு, அந்தச் சுவரோரமாக ஒரு கை குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அது உருளாது, உருள விடமாட்டாள், தினமும் நாலு அடி தூரத்தில் அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு... ஒரு நாளா, இரண்டு நாளா? சித்தார்த்திடம் சொல்வாளா? சொல்லமாட்டாள். அவள் சொல்லாமலே இருப்பாள், அதுதான். கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மோல்டு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, இப்போது போட்டால் ஒன்றரைக்குள் எடுத்துவிடலாம், ஒன்றே முக்காலுக்கு ஆறிவிடும், இரண்டு மணிக்கு மேலே இருக்கும், ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, எழுந்து நின்று, அடியே இந்தா, பாக்கெட்டுல இருந்துது மறந்தே பூட்டேன் என்று சொன்னால் போதும். சொன்னால் யசோவைத் திருப்பித் தருவாளா? பாதி ராத்திரியாவது? இல்லை, கட்டையை வாங்கிக்கொண்டு வேலையையும் வாங்கிக்கொண்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாளா? அப்போது எனக்கு என்ன மிச்சம்... இப்போதும் நான் இதைத்தான் கணக்குப் பார்க்கிறேனா, என்று திடுக்கிட்டாள் கார்குழலி, திடுக்கிட்ட பிறகும் கணக்கு நிற்கவில்லை, பன்னிரண்டு நாற்பத்தொன்று. எழில்மொழி குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அந்த வீணாய்ப்போன கட்டை அவர்கள் நடுவில் வெள்ளைத் துணியில் ஆறிக்கொண்டிருந்தது. கார்குழலி இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டாள். உருண்டை அங்கேதான் இருந்தது, பாலிதீன் விலகி, உடம்புச் சூட்டில் கொஞ்சம் இளகியிருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தாள், பதிந்தது.